கப்ளிங் ரப்பர்

புல்லட் வண்டியின் பின்சக்கரத்துக்குள் ஆறு ரப்பர் துண்டுகள் இருக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவர்களுக்கு வருவதில்லை. கெட்டுப்போனால் மெக்கானிக் பார்த்துக்கொள்வார். அந்த ஆறு துண்டுகளுக்கும் நான் என் கையால் கிரீஸ் தடவினேன். அதனால் அடிபட்ட ஒரு பையனுக்காகப் போட வேண்டிய முதல் தகவல் அறிக்கை பத்தொன்பது நாள் தள்ளிப்போனது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் இதைக் கப்ளிங் ரப்பர் என்பார்கள். ட்ரம் ரப்பர் என்று சொல்கிறவர்களும் உண்டு. பழைய புல்லட்டில் பின் செயின் சக்கரமும் பிரேக் ட்ரம்மும் ஒரே உருப்படி. அதன் முதுகுப்பக்கம் மூன்று இறக்கைகள் இருக்கும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலும் அதே மாதிரி மூன்று. ட்ரம்மை ஹப்பில் பொருத்தினால் ஓர் இறக்கைக்கு நடுவே இன்னோர் இறக்கை வந்து நிற்கும். ஆறு சந்துகள் உண்டாகும். ஆறு சந்திலும் ஆறு ரப்பர். இஞ்சினின் இழுவை செயின் வழியாக ட்ரம்முக்கு வருகிறது. ட்ரம்மின் இறக்கை ரப்பரை அமுக்குகிறது. ரப்பர் ஹப்பின் இறக்கையைத் தள்ளுகிறது. அப்புறம்தான் சக்கரம் சுற்றும். புல்லட் ஒற்றை சிலிண்டர் வண்டி. இஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவை வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு குத்து. அந்தக் குத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வது இந்த ரப்பர். அது செத்துப்போனால் குத்து முழுக்க செயினுக்கும் கியர் பல்லுக்கும் போகும்.

இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊர்க் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். இராணுவத்துக்காக அரசாங்கம் கேட்ட எண்ணூறு வண்டிகளில் ஆரம்பித்த கதை அது. 1967-இல் ரெட்டிட்ச் ஆலையை மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. இராணுவத்துக்கும் போலீசுக்கும் அடுத்தபடியாகக் கிராமங்களில் அது யார் வீட்டு வாசலில் நின்றது என்பது நமக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது 1974 மாடல். எங்கள் ஊர்ப் பெரியவீட்டுக்காரர் வாங்கியது. நைனா பன்னிரண்டு வயசிலிருந்து அந்த வீட்டில் படியாள். மாடு, கழனி, மோட்டார் கொட்டகை என்று இருந்த வேலைகளோடு வண்டி வந்ததும் இன்னொரு வேலை சேர்ந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவ வேண்டும். கிணற்றடியில் நிறுத்தி, பார் சோப்பைத் தேய்த்து நுரை எடுத்து, ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். சீட்டைத் துடைக்கலாம், உட்காரக் கூடாது. மழைக்காலத்தில் வண்டி கிளம்பாமல் அடம்பிடித்தால் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கிளம்பியதும் நைனா புகையில் நிற்பார். வண்டி போய்விடும்.

அந்தச் சத்தம் எங்கள் காலனி வரைக்கும் கேட்கும். கேட்டால் பெரியவர்கள் கட்டிலிலிருந்து எழுந்துவிடுவார்கள். நானும் எழுந்திருக்கிறேன். எழுந்திருக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை. சத்தமே சொல்லித்தந்தது.

பெரியவீட்டுக்காரர் செத்த பிறகு பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள், கார் வாங்கினார்கள். வண்டி மாட்டுக்கொட்டகையில் கோழி எச்சத்தோடு கிடந்து, 2019-இல் திண்டிவனத்தில் ஒரு காயலான் கடைக்கு வந்தது. நம்பர் பிளேட்டைப் பார்த்து அடையாளம் கண்டு வந்து சொன்னவர் என் மாமா. அம்மாவின் தம்பி. "மாப்ள, ஒங்க நைனா கழுவுன வண்டி கடையில கெடக்குதுடா" என்றார். நான் கடன் வாங்கினேன். இயக்க வேலையில் இருக்கிறவனுக்குக் கடன் கொடுக்கிற மனுஷர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவருக்குப் பதினாலு வயசு இருக்கும்போது ஊரில் ஒரு சாவு. தாத்தாவுக்குக் காய்ச்சல். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாமா போக வேண்டியதாகிவிட்டது. இரண்டு ராத்திரி ஒரு பகல் அடித்தார். கூலி கேட்டதற்குச் சாராயத்தைக் கொடுத்து, "குடிச்சிட்டுப் போடா" என்றார்களாம். மாமா குடிக்கவில்லை. பறையை வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் திண்டிவனம் போனவர்தான். அதற்கப்புறம் சாவுக்கு அவர் பறை எடுத்ததில்லை.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியலைத் தேர்வில் எழுதினேன். ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். அதே பறை தோளில் தொங்கியதற்காக ஊரை விட்டு ஓடிய மனுஷர் என் வீட்டிலேயே இருந்தார் என்பது அந்த விடைத்தாளில் எங்கேயும் வரவில்லை. வருவதற்கு அங்கே இடமும் இல்லை.

மாமா முதலில் சேர்ந்த பட்டறையில் அவருக்குத் தனி டம்ளர். ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருப்பார்கள். ஸ்பேனரைத் தொட விடமாட்டார்கள். மண்ணெண்ணெயில் சாமான் கழுவுவது, கிரீஸ் வழிப்பது, தரையைக் கூட்டுவது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு பாய் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். "பாய் மொதல்ல டீயக் கையில குடுத்தாரு. அப்பறம் ஸ்பேனரக் குடுத்தாரு" என்று இன்றைக்கும் சொல்வார். அங்கே இருபத்திரண்டு வருஷம். புல்லட்டைப் பிரிக்கவும் மாட்டவும் அவருக்கு விளக்குகூட வேண்டாம். ஆனாலும் வண்டிக்காரர்கள் அவரைக் கடைசி வரைக்கும் "பாய்கிட்ட இருக்கிற பையன்" என்றுதான் சொன்னார்கள். நாற்பது வயசில் சொந்தமாகக் கொட்டகை போட்ட பிறகுதான் பெயரோடு மெக்கானிக் என்கிற வார்த்தையும் ஒட்டியது.

வண்டியை இரண்டு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தோம். கையில் காசு வரும்போது ஒரு சாமான். 2022 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும்தான் பாக்கி. ஹப்புக்குள் இருந்த பழைய ரப்பர்கள் கருப்பு மாவாகக் கொட்டின. சென்னை ஜி.பி. ரோட்டில் அலைந்து புது செட் வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்றிருந்தார் மாமா. அன்றைக்குக் கடலூரில் சொந்தத்தில் ஒரு சாவு. "நான் வர்ற வரைக்கும் கை வைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கை வைத்தேன். திங்கட்கிழமை ஒரு கூட்டத்துக்கு அந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு ரப்பர்களை ஹப்பில் வைத்தேன். நான்கு சுலபமாக உட்கார்ந்தன. ஐந்தாவதைக் கட்டை விரலால் அழுத்தி இறக்கினேன். ஆறாவது இறங்கவில்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பிக்கொண்டது. எல்லாவற்றையும் ஒருவழியாகத் திணித்துவிட்டு ட்ரம்மை மேலே வைத்தால் இறக்கை சந்துக்குள் போகவில்லை. புது ரப்பர் அப்படித்தான் இறுக்கமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மரச்சுத்தியால் தட்டினேன். ஒரு ரப்பரின் ஓரம் பிய்ந்தது. வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் கிரீஸ் டப்பா இருந்தது. வழுக்க வேண்டும், அவ்வளவுதானே? இரண்டு விரலால் அள்ளி ஆறு ரப்பரிலும் இறக்கைகளிலும் சந்துகளிலும் பூசினேன். ட்ரம்மை வைத்து ஓங்கி ஒரு தட்டு. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எம்.ஏ. படித்தவன் மெக்கானிக் வேலையும் கற்றுக்கொண்டான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமா வந்து கேட்டபோது "மாட்டிட்டேன் மாமா, நல்லா உக்காந்துடுச்சி" என்றேன். எப்படி மாட்டினேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் இரண்டு மாதம் வண்டி முன்னெப்போதும் இல்லாத மாதிரி இறுக்கமாக ஓடியது. ரப்பர் எண்ணெய் குடித்து ஊதிக்கொண்டிருந்ததால் வந்த இறுக்கம் அது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஏப்ரலில் ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். விட்டால் இன்னொரு 'டக்'. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. பதினெட்டு கிலோமீட்டரில் ஒரு காலனி. பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் பஸ் நிறுத்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தானாம். ஊர்க்காரர் ஒருவர் வந்தபோது எழுந்திருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். காது கிழிந்திருக்கிறது. "அப்பா அம்மாவ ஸ்டேஷனுக்குக் கூட்டினு வரச் சொல்லியிருக்காங்க. நீங்க வந்துடுங்கண்ணா, நீங்க வந்தப்பறம்தான் கையெழுத்துப் போடுவோம்" என்றான் அந்தத் தெருத் தம்பி. பத்தேகாலுக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

பாதி வழியில் ஒரு ஊர். மாரியம்மன் கோயில் தாண்டி மேட்டில் ஏறும்போது வண்டி ஒரு உதறு உதறியது. படபடவென்று இரும்பு அடிக்கிற சத்தம். செயின் அறுந்து தரையில் விழுந்தது. லாக் தெறித்து எங்கேயோ போய்விட்டது. டார்ச் அடித்துத் தேடினேன், கிடைக்கவில்லை. போனில் யாரைப் பிடித்தாலும் வந்து சேர ஒரு மணி நேரமாகும். அந்தக் காலனித் தம்பியின் போன் அணைந்திருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மெயின்ரோட்டுக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் பாதை.

நூற்று அறுபது கிலோவுக்குமேல் இருக்கிற வண்டி. திண்ணைகளில் ஆட்கள் படுத்திருந்தார்கள். ஒருவர் எழுந்து உட்கார்ந்து, "யார்றா அது, எந்த ஊரு?" என்றார். ஊரைச் சொன்னேன். "யாரு வூடு?" என்றார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பப் படுத்துக்கொண்டு சிரித்தார். பின்னாலிருந்து ஒரு குரல், "தள்ளட்டும் தள்ளட்டும், அவங்களுக்குப் பழக்கந்தான்" என்றது. நைனா தள்ளிய அதே வண்டி. என் கைகள் பிடித்திருந்த இடம் கூட அதே இடமாக இருக்கலாம்.

ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பையனின் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலில் மை. "ரெண்டு பேரும் சமாதானமாப் போறதா எழுதியிருக்குன்னாங்க தம்பி. நீ வர்றேன்னு சொன்னியேன்னு பதினொன்ற வரைக்கும் பாத்தோம்" என்றார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. வாய்மொழியாகச் சொல்கிற புகாரை எழுதினால் கையெழுத்து வாங்கும் முன் படித்துக்காட்ட வேண்டும் என்று 2015 திருத்தம் சொல்கிறது. முதல் தகவல் அறிக்கை போட முதல்நிலை விசாரணை எதுவும் தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்று 1995 விதிகள் சொல்கின்றன. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்தவன் பத்தேகாலுக்கு அங்கே இல்லை. அப்புறம் எஸ்.பி. அலுவலகம், மனு, ஆர்ப்பாட்டம் என்று பத்தொன்பதாவது நாள் வழக்குப் பதிவானது. அதற்குள் பையனின் காயம் ஆறத் தொடங்கியிருந்தது. அடித்தவர்கள் முன்ஜாமீனுக்கும் சாட்சிக்கும் ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைத்திருந்தது.

மறுநாள் மாமா சக்கரத்தைக் கழற்றினார். ட்ரம்மைத் தூக்கியதுமே கிரீஸ் வாடை வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ரப்பரை எடுத்துக் கையில் வைத்தார். கடையில் மிச்சமிருந்த புது ரப்பர் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தார். நான் மாட்டியது ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் ஈரல் மாதிரி குழிந்தது. இரண்டு ரப்பர்கள் துண்டுதுண்டாகிக் கூழாகக் கிடந்தன. அந்த இரண்டு சந்திலும் இரும்பு இரும்போடு மோதியிருந்தது. இறக்கையில் பளபளவென்று அடிபட்ட தடம். ஒவ்வொரு மோதலும் செயினில் போய் விழுந்திருக்கிறது.

"கிரீஸ் போட்டியா?"

"ஆமாம் மாமா."

"இரும்புக்குத்தான்டா கிரீசு. ரப்பருக்கு அது வெஷம்."

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் மரத்துப் பால் நீளநீளமான சங்கிலிகளாக ஆன ஒரு பொருள். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே அங்கங்கே முடிச்சு விழும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டது இதைத்தான். முடிச்சு இருப்பதால் இழுத்தாலும் அமுக்கினாலும் பழைய உருவத்துக்கே திரும்பி வரும். பெட்ரோல், இஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எல்லாம் மண்ணெண்ணெய் வம்சம். ரப்பரும் குணத்தில் அவற்றுக்கு நெருக்கமானது. அதனால் அந்த எண்ணெய் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ரப்பர் ஊதும், மெதுவாகும், பலம் போய்ப் பிய்யும். இஞ்சினில் இருக்கிற ஆயில் சீல் எண்ணெயிலேயே கிடந்தும் கெடுவதில்லையே என்றால், அது வேறு வகைச் செயற்கை ரப்பர். தண்ணீர் ரப்பருக்குள் அப்படிப் புகாது. சோப்புத் தண்ணீர் மாட்டுகிற நேரத்துக்கு வழுக்கும். அப்புறம் காய்ந்துவிடும். ரப்பர் இருந்த மாதிரியே இருக்கும். டயர் கடையில் ரிம்மில் சோப்புத் தண்ணீர் தடவுவதும் இதற்காகத்தான்.

மாமாவுக்குச் சங்கிலி, முடிச்சு எதுவும் தெரியாது. ஆனால் அவர் செய்கிற ஒவ்வொன்றும் இதற்குப் பொருந்தி வருகிறது. சோப்புக் கிடைக்காத இடத்தில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொள்ளலாம் என்பார். மற்ற எண்ணெய் கூடாது என்பார். விளக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுப்பதில்லை என்பதும், அந்தக் காலத்தில் பிரேக் ஆயிலையே விளக்கெண்ணெயில் செய்தார்கள் என்பதும் நான் புத்தகத்தில் பார்த்தது. அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பாய் சொன்னாரு கொஞ்சம். மிச்சம் நம்ம வூட்லயே தெரியுமே. தோலுக்கு எந்த எண்ண ஆவும் எது ஆவாதுன்னு ஒங்க தாத்தா பாக்க மாட்டாரா? பறையத் தீயில காட்டுனா தோலு இறுகும். ரப்பரச் சூட்ல வச்சா எளகும். பொருளு வேற, குணம் வேற. ஆனா தொட்டுப் பாக்கற கை ஒண்ணுதான்" என்றார்.

ஊரை விட்டு ஓடும்போது பறையைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தவர், அதைப் பார்த்துப் பழகிய கையை வைத்துவிட்டு வரவில்லை. இந்த அறிவுக்கு நம்முடைய படிப்பில் பெயர் இல்லை. கூலி உண்டு, அதுவும் பாதி. அறிவு என்று சொன்னால் சொல்கிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானே சிரித்திருக்கிறேன் என்பதற்குச் சாட்சி அந்தக் கிரீஸ் டப்பா. "நான் வர்ற வரைக்கும் கை வைக்காத" என்று அவர் சொன்னதை நான் ஒரு கிழவரின் பிடிவாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தால் காத்திருப்பேன்.

இரண்டாவது முறை மாட்டும்போது நைனாவும் வந்திருந்தார். மாமா சொல்லச் சொல்ல நான் செய்தேன். கிரீசை மண்ணெண்ணெயில் கழுவி, அந்த மண்ணெண்ணெயும் தங்காமல் சோப்புப் போட்டுக் கழுவித் துணியால் துடைத்தோம். இறக்கைகளில் இருந்த துருவையும் பிசிறையும் எமரித் தாளால் தேய்த்தோம். பிசிறு இருந்தால் ரப்பரை அறுக்கும். புது ரப்பர்களைச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் போட்டோம். சோப்புத் தண்ணீர் கலக்கும் வேலையை நைனா தானாகவே எடுத்துக்கொண்டார். பார் சோப்பைச் சீவிப் போட்டு, கையால் அடித்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்தார். எத்தனை வெள்ளிக்கிழமைகள் அந்தக் கை நுரை எடுத்திருக்கும்.

ஆறு ரப்பரையும் நனைத்து ஹப்பில் வைத்தோம். இறக்கைகளிலும் சோப்புத் தண்ணீர். ட்ரம்மை நேர் பார்த்து வைத்து மாமா லேசாக அசைத்தார். ஒவ்வொரு இறக்கையும் தன் சந்தின் வாயில் வந்து நின்றது. "அடிக்காத. கனத்தக் குடு, அதுவே போவும்" என்றார். பிறகு நைனாவைப் பார்த்து, "மச்சான், நீங்க ஏறி நில்லுங்க" என்றார்.

நைனா தயங்கினார். செருப்பைக் கழற்றப் போனார். "செருப்போடவே நில்லுங்க மச்சான்" என்றார் மாமா. நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவீட்டு வண்டியின் ட்ரம்மில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். மெதுவாக, சத்தமில்லாமல், ட்ரம் இறங்கி உட்கார்ந்தது. ஓரத்தில் சோப்பு நுரை பொங்கி வழிந்தது. ட்ரம் உரசித் திரும்புகிற இரும்பு வளையத்துக்கு மட்டும் மாமா ஒரு பொட்டு கிரீஸ் வைத்தார், ரப்பரில் படாமல். ஒரு ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள்தான் வண்டியில் மாட்டினோம். கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் ஆட்டினால் டயரில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு ஆட்டம் இருந்தது. "அது இருக்கணும்" என்றார் மாமா. "ஆட்டமே இல்லன்னாலும் தப்பு, ரொம்ப இருந்தாலும் தப்பு."

அன்றைக்குச் சாயங்காலம் டீ குடிக்கும்போது மாமாவிடம், இதை வைத்து ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றேன். இரண்டு இரும்புக்கு நடுவில் அடி வாங்குகிற ரப்பர்தான் நம் சனங்கள் என்று எழுதலாம் என்றிருக்கிறேன் என்றேன். ரப்பர் என்றால் நம் கதையும் அதில் இருக்கிறது. 1876-இல் பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்து, இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய், அங்கே தோட்டங்கள் எழும்பின. கங்காணிகளோடு கப்பலேறிப் போய் விடியுமுன் பால் வெட்டியவர்களில் எத்தனையோ பேர் நம் சேரிக்காரர்கள். அம்மாவின் பாட்டிக்கு ஓர் அண்ணன் பினாங்குக்குப் போனவர், திரும்பவில்லை.

மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "கப்பலேறிப் போனத எழுது. நம்மள ரப்பர்னு எழுதாத. அடிச்சா அடி வாங்கிக்கினு பழைய எடத்துக்கே வந்து உக்காருறது ரப்பரு. நான் அப்படி உக்காந்தனா? அந்தப் பையன் திண்ணையில இருந்து எழுந்திரிச்சானா?"

எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டிய செய்தி வந்தது. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். செய்தியை நான் கொட்டகையில் சத்தமாகப் படித்தேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். வெட்டியவர்கள் கையைக் குறிவைத்தது அவருக்கு ஆச்சரியமாக இல்லை. "வேற எத வெட்டுவாங்க?" என்றார்.

காலனியில் இப்போது மூன்று பையன்கள் சாயங்காலம் மாமாவிடம் வருகிறார்கள். ஒருவன் டிப்ளமோ படிக்கிறான். போன மாதம் ஒரு பழைய வண்டியின் பின்சக்கரத்தை மாட்டும்போது அவன் கை கிரீஸ் டப்பாவுக்குப் போனது. மாமா வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். ஏன் கூடாது என்று கேட்டான். உட்கார வைத்து, சங்கிலியையும் முடிச்சையும் சொன்னேன். பத்தொன்பது நாளையும் சொன்னேன். எழுந்து போய்ச் சோப்புக் கட்டியை எடுத்துவந்து சீவ ஆரம்பித்தான்.